உங்களுக்குத் தெரியுமா? நூறு டன்னில் ஒரு கிராம்!

பாலாற்றங்கரையில் ஓரிக்கையைச் சூழ்ந்த வயல்களில் விளையும் நெல்லோ எள்ளோ ஜப்பானியத் துறைமுகத்தில் இறங்க நேர்ந்தால், அதன் நிறத்தையும் மணத்தையும் விட, அதில் தங்கிய பூச்சிமருந்தின் அளவையே அந்நாட்டு அதிகாரிகள் உன்னிப்பாகப் பரிசோதிப்பார்கள். 2006ஆம் ஆண்டு மே 29 முதல் அமலில் உள்ள விதியின்படி, தனி வரம்பு நிர்ணயிக்கப்படாத மருந்து எதுவாயினும் பத்து லட்சத்தில் 0.01 பங்குக்கு மேற்படலாகாது. அதாவது, நூறு டன் தானியத்தில் ஒரே ஒரு கிராம்! அண்டை வயலில் கைத்தெளிப்பானால் அடித்த மருந்து காற்றில் மிதந்து வந்து கதிரில் படிந்தாலும், விதி தயவு காட்டுவதில்லை.

பழ ஈயின் நிமித்தம் ஏறக்குறைய இருபது வருஷங்கள் தடுக்கப்பட்டிருந்த இந்திய மாம்பழம், நம் சந்தைகளில் குவியும் பங்கனபள்ளி உட்பட, அதே 2006இல்தான் அங்கே மீண்டும் பிரவேசித்தது. அதுவும், பழத்தின் உட்பாகம் 47.5 டிகிரியை எட்டிய பின் 20 நிமிஷம் ஈர வெப்பக்காற்றில் வைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இறாலின் கதை இன்னும் விசித்திரமானது. தீவனத்திலுள்ள மீன்தூள் கெடாதிருக்கச் சேர்க்கும் எதாக்சிக்வின் என்ற ரசாயனத்துக்காக, 2012இல் நம் இறால் அதே 0.01 வரம்பில் சிக்கித் தவித்தது, வரம்பு 0.2 ஆகத் தளர்ந்தது 2014இல்தான். தீவனத்தின் தோஷத்துக்கு இறாலைத் தண்டித்தது மிகையே என்பது நம் அபிப்பிராயம்.

ஏற்றுமதியை உத்தேசிக்கும் விவசாய அன்பர்கள், தெளித்த மருந்தின் பெயரையும் அளவையும் தேதியையும் இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குவார்களாக.