பெட்டி அதிரக் கூடாது

பல்லடம், உடுமலைப் பக்கம் சுழலும் காற்றாலை இறகும், கரூரில் கட்டும் பஸ்ஸின் ஃபைபர் முகப்பும் ஒரே குடும்பம்தான்: கண்ணாடி நாரை ரெசினில் ஊறவைத்து இறுகச் செய்தவை. பெருந்துறையில் கார் டிக்கிக்குள் சப்-ஊஃபர் வைக்க ஆசைப்படுகிறவருக்கும் ஃபைபரையே சொல்வேன். பலகையில் சதுரப் பெட்டி அடித்தால் டிக்கியில் பாதி போய்விடும். ஃபைபர் பெட்டியோ சக்கர வளைவோடு ஒட்டி உட்காரும். வளைந்த சுவருக்கு விறைப்பும் அதிகம்.

அந்த விறைப்புதான் முக்கியம். ஸ்பீக்கரின் கோன் முன்னும் பின்னும் அசையும்போது பெட்டிக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்குகிறது. சுவரும் கூடச் சேர்ந்து அசைந்தால் பேஸ் குழம்பிவிடும்.

விறைப்பைக் கொடுப்பது நார். ரெசின் அதைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் ரெசினை வாரி ஊற்றுகிறார்கள். நாரில்லாத இடத்தில் ரெசின் தடித்தால் வெடிப்பு விடும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி நார் மேட் வாங்கினால், அதன் எடையைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போதும். பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி ஊறவைத்து, ரோலர் ஓட்டிக் காற்றுக்குமிழை வெளியேற்ற வேண்டும். வெள்ளை மேட் தெளிந்து அடியிலுள்ளது தெரிந்தால் ஊறிவிட்டது. ஓர் அடுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வரும். தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதால், கூடுதல் அடுக்குக்குச் சோம்பல் வேண்டாம்.

எந்த ரெசின்? பெட்டிக்குப் பாலியெஸ்டரே போதும், விலையும் குறைவு. ஆனால் தெர்மாக்கோலை அச்சாக வைத்தால் பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீன் தெர்மாக்கோலைக் கரைத்துவிடும், அங்கே எபாக்சிதான். அப்போது நாரும் மாற வேண்டும். சாதாரண மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் இளகும். எபாக்சியில் அது இளகாது, மேட் வளைவில் படியாது. எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள்.

சித்திரை வெயிலில் பாலியெஸ்டர் கிண்ணத்திலேயே கட்டியாகிச் சூடேறும். ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்குள் குறைத்து, சிறிது சிறிதாகக் கலக்குங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாகச் சேர்ப்பதென்றால் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் கேட்டலிஸ்ட்டைத் தொட வேண்டும். இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். காற்றோட்டமும், ஆவியைத் தடுக்கும் மாஸ்க்கும், கையுறையும் கட்டாயம்.