வெள்ளம் வாசலுக்கு வருமுன்

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பலருக்கு ட்விட்டர் திறக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை, ரெடிட் எல்லாமே தடுமாறின. இத்தனைக்கும் அந்த நிறுவனங்களின் சர்வர்களை யாரும் தொடவில்லை. அடி விழுந்தது டைன் என்ற வேறொரு நிறுவனத்தின் மேல். தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சேவையை இவர்களுக்கெல்லாம் நடத்திவந்தது அதுதான். கடை திறந்தே இருந்தது. வழி சொல்பவருக்குத்தான் மூச்சு முட்டிப்போனது. முட்டவைத்தவை பெரும்பாலும் சிசிடிவி கேமராக்கள், டிவிஆர் பெட்டிகள், வீட்டு ரூட்டர்கள். 'மிராய்' என்ற நிரல், தயாரித்தவர்களே வைத்துவிட்ட 'அட்மின்', '12345' போன்ற சுமார் 60 ஜோடிப் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் போட்டுப் பார்க்கும். திறந்துகொண்டால் கேமரா அதன் கைப்பாவை. உரிமையாளருக்கோ படம் வழக்கம்போலத் தெரிந்துகொண்டிருக்கும்.

சேவையை முடக்கும் இத்தகைய தாக்குதலுக்கு, நல்ல ஃபயர்வால் ஒன்று வாங்கினால் போதும் என்று பல நிறுவனங்கள் நம்புகின்றன. ஃபயர்வால் வாசற்காவல், இங்கே அடைபடுவது தெரு. 10 ஜிகாபிட் இணைப்பின் மேல் 100 ஜிகாபிட் வந்து விழுந்தால், காவலாளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து என்ன பயன்? வெள்ளத்தை மேலேயே திருப்பிவிட வேண்டும். 2018 பிப்ரவரி 28 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் மேல் நொடிக்கு 1.35 டெராபிட் பாய்ந்தபோது, அது தன் போக்குவரத்தை ஆகமாய் நிறுவனத்தின் வடிகட்டும் மையங்களுக்குத் திருப்பி, சில நிமிடத் தடுமாற்றத்தோடு தப்பியது. ஆனால் அளவை மட்டும் பார்க்கும் வடிகட்டியும் ஏமாறும். 2023இல் கூகுள் சந்தித்த தாக்குதலில் கோரிக்கையை அனுப்பிய கையோடு ரத்து செய்தார்கள், நொடிக்கு 39.8 கோடி வீதம். இதில் குழாய் நிரம்ப வேண்டியதே இல்லை, சர்வர் வேலை செய்தே களைத்துவிடும். மென்பொருளைத் திருத்துவதுதான் அதற்கு மருந்து.

'எங்களை யார் தாக்கப்போகிறார்கள்?' என்று சிறு நிறுவனங்கள் கேட்கலாம். மிராயை எழுதியவர்கள் மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் போட்டியில் ஊறிய இளைஞர்கள். பகைக்குப் பெரிய காரணம் தேவைப்படவில்லை. எல்லோரும் ஒரே பெரிய காவல் நிறுவனத்தின் பின்னால் ஒதுங்கினால், டைன் கதைதானே திரும்பும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அது நியாயம்தான். அதனால்தான் டிஎன்எஸ் சேவையை இரண்டு நிறுவனங்களிடம் பிரித்து வைப்பது செலவானாலும் வீணல்ல என்கிறேன். மறுமுனையில், அதாவது கைப்பாவையாகும் கருவிகளின் பக்கம், எளிதில் ஊகிக்கத்தக்க பொதுப் பாஸ்வேர்டோடு இணையக் கருவிகளை விற்கக் கூடாது என்ற பிரிட்டனின் சட்டம் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் விற்ற கேமராக்களை அது தொடாது.