ஐயர் வராத கல்யாணம்

நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவே உள்ள மேல்பட்டாம்பாக்கத்தில், தாலிக்கு மந்திரமும் உண்டு. மேடைப் பேச்சும் உண்டு. ஐயரை விட்டுவிட்டு, தலைவர் ஒருவர் தாலி எடுத்துக் கொடுக்கும் கல்யாணம் இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனால் மதகுரு இல்லாத கல்யாணம் செல்லுமா என்ற கேள்விக்கு நாம் விடை கண்ட பிறகுதான் கிரேக்க நாடு கண்டது.

கிரேக்கத்தில் 1982 வரை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் பாதிரியார் நடத்தி வைத்தால்தான் கல்யாணம். நாடாவால் பிணைத்த இரண்டு முடிகளை மணமக்கள் தலையில் சூட்டுவார்கள். 'கூம்பாரோஸ்' என்னும் மணத்துணைவர் அவற்றை மூன்று முறை மாற்றி வைப்பார். பிறகு மேசையை மூன்று சுற்று. சுற்றி நிற்பவர்கள் அரிசி தூவுவார்கள்; நம் அட்சதைதான், மஞ்சள் மட்டும் இல்லை! 1982-ல் வந்த சட்டம், பாதிரியார் இல்லாத பதிவுத் திருமணத்துக்கும் அதே மதிப்பைத் தந்தது. மறு ஆண்டே வரதட்சிணை முறையையும் சட்டத்திலிருந்து நீக்கினார்கள். நம் வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. வந்து என்ன, காரும் நகையும் 'அன்பளிப்பு' என்ற பெயரில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

தமிழ்நாட்டில், 1928-ல் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்ததைத்தான் ஐயர் இல்லாத முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்வார்கள். 1953-ல் அப்படிப்பட்ட ஒரு திருமணம் செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். கட்டிய தாலியும் பெற்ற பிள்ளைகளும் சட்டத்தின் கண்ணில் கணக்கில் வராமல் நின்ற காலம் அது. 1967-ல் முதல்வர் அண்ணா கொண்டுவந்த சட்டத்திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரிந்த மொழியில் சொன்னாலே போதும்; மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் செல்லும். அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்றதுதான் அதன் பெருமை.

மேல்பட்டாம்பாக்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. கிறிஸ்தவ சபைக்குள் சாதி பார்ப்பதைச் சகிக்காமல் லைப்சிக் மிஷனை விட்டு விலகிய பாதிரியார் கார்ல் ஓக்ஸ், 1860-களில் இங்கேதான் தன் பணியை ஊன்றினார். டேனிஷ் மிஷன் இவ்வூரில் வேர்விட்டது அவர் வழியாகத்தான். இங்குள்ள கிறிஸ்தவர்களின் கல்யாணத்துக்கோ 1872-ன் தனிச் சட்டம். தேவாலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்து, பொதுவாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் மணமுடிக்க வேண்டும்.

மந்திரமோ, ஓலையோ, மேடைப் பேச்சோ, தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். பந்தல் பிரித்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுங்கள்.