வட்டுக்குப் போட்ட பூட்டு

சென்னையில் வாங்கிய ஓர் ஆங்கிலப் படத்தின் டிவிடியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, இங்குள்ள கருவியில் போட்டேன். 'இந்தப் பகுதிக்கு உரியதல்ல' என்று திரையில் ஒரு வரி வந்தது, படம் வரவில்லை. வட்டில் கீறல் இல்லை, கருவியிலும் பழுதில்லை.

1990களின் நடுவில் டிவிடி உருவானபோது உலகம் ஆறு விற்பனைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு எண் 1, இந்தியாவுக்கு 5. ஒரு நாட்டில் படம் திரையரங்குக்கு வருமுன்பே வேறு நாட்டு வட்டு அங்கே நுழைந்துவிடக்கூடாது. நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்கவும் வேண்டும். நோக்கம் இவ்வளவுதான். வட்டிலுள்ள மறையாக்கத்தை அவிழ்க்கும் சாவி வேண்டுமென்றால், கருவி செய்பவர் இந்தப் பூட்டையும் வைப்பதாக ஒப்பந்தம் செய்தாக வேண்டும். கணினியின் டிவிடி டிரைவிலும் பகுதியை ஐந்து முறைதான் மாற்றலாம்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. இது பிழையல்ல, என்னைப்போல் ஒரு பொறியாளர் எழுதி, சோதித்து, சரியாக இயங்குகிறது என்று அனுப்பிய நிரல். 2016இல் வந்த 4கே புளூ-ரே வட்டுகளில் பகுதிப் பூட்டே இல்லை. அப்படியானால் அது தொழில்நுட்பத்தின் தேவையாக என்றுமே இருந்ததில்லை.

கருவி வாங்கும்போது அது என்னென்ன செய்யும் என்று கேட்கிறோம். எதைச் செய்யவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பழகவேண்டும்.