காயலான் கடை பார்ட்ஸ், காஞ்சிபுரம் அம்பாசடர்: பழைய காருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

வைகாசி கருட சேவை அன்னிக்கு காஞ்சிபுரத்துக்குள்ள கார் ஓட்டியிருக்கீங்களா? ஒரு தெரு தாண்ட ஒரு மணி நேரம் ஆகும். அப்படி ஒரு கூட்டத்துல, நெரிசலுக்கு நட்டநடுவுல, எங்க பெரியப்பாவோட 1978 மாடல் அம்பாசடர் மார்க் 3 நின்னுபோச்சு. பேட்டரி ஓகே, பெட்ரோல் ஓகே, செல்ஃப் அடிச்சா இன்ஜின் சுத்துது. ஆனா ஸ்டார்ட் ஆகலை. பின்னாடி ஹார்ன் சத்தம் காதைப் பிளக்குது.

பெரியப்பா பதற்றப்படாம இறங்கி பானெட்டைத் திறந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, பாயின்ட்டை உப்புத்தாள்ல ரெண்டு தேய் தேய்ச்சு, சட்டைப் பையில இருந்த கல்யாணப் பத்திரிகையோட ஓரத்தைக் கிழிச்சு நடுவுல வச்சு கேப் பார்த்தார். மூடியை மாட்டி சாவியைத் திருப்பினதும் வண்டி ஓடிடுச்சு. எனக்கு வந்த கேள்வி ஒண்ணுதான்: இந்த மனுஷனுக்கு இப்போ 74 வயசு. இதெல்லாம் தெரிஞ்ச அவரோட மெக்கானிக் கடையை மூடிட்டார். அடுத்த தடவை வண்டி நின்னா யார் இறங்கித் தேய்க்கிறது?

அதுக்கான பதிலைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

பாயின்ட்டுன்னா என்ன?

பெட்ரோல் இன்ஜின்ல சரியான நேரத்துக்கு ஒரு பொறி விழணும். பேட்டரில இருக்கிறது 12 வோல்ட்தான். பிளக்குல பொறி பறக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேணும். அந்த வேலையைச் செய்றது இக்னிஷன் காயில். காயிலுக்குள்ள மின்சாரம் ஓடும்போது ஒரு காந்தப்புலம் உருவாகும். அந்த மின்சாரத்தை டக்குனு வெட்டினா காந்தப்புலம் சரிஞ்சு விழும், உயர் மின்னழுத்தம் கிளம்பும். பொறி வர்றது சுவிட்சைப் போடும்போது இல்லை, அணைக்கும்போது. இந்த இடத்தை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

அந்த அணைக்கிற சுவிட்ச்தான் பாயின்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள சுத்துற தண்டுல நாலு முனை இருக்கும். ஒவ்வொரு முனையும் வந்து தட்டும்போது பாயின்ட் திறக்கும், பொறி விழும். திறக்கிற இடைவெளி ஒரு அங்குலத்துல ஆயிரத்தில் 15 பங்கு, கிட்டத்தட்ட 0.38 மில்லிமீட்டர். பத்திரிகை அட்டை கேஜ் ஆனது இதனாலதான்.

நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தினா, பாயின்ட் ஒரு நொடிக்கு 100 தடவை திறந்து மூடும். ஒவ்வொரு தடவையும் மூணு, நாலு ஆம்ப் மின்சாரத்தை வெட்டணும். கண்டென்சர் இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா முகம் கருகும், குழி விழும். தண்டுல உரசுற ஃபைபர் கட்டையும் தேயும். அது தேய்ஞ்சா கேப் குறையும், கேப் குறைஞ்சா பாயின்ட் லேட்டா திறக்கும், டைமிங் பின்னாடி போயிடும். வண்டி இழுக்காது, சூடாகும், பெட்ரோல் குடிக்கும். ஒரே நாள்ல நடக்கிறதில்லைங்கிறதால ஓட்டுறவருக்கே தெரியாது.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் உருவாக்கின அமைப்பு இது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, வண்டலூர்ல தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு நம்ம ஊர் சாலைகளை ஆண்ட பெட்ரோல் கார்கள் எல்லாம் இதை நம்பித்தான் ஓடின.

எலக்ட்ரானிக்கா மாத்தினா என்ன மாறுது?

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதை விளக்க ஒரு சுலபமான வழி இருக்கு. பட்டுத்தறில ஜக்கார்டு அட்டை தெரியும்ல? எந்த இழை மேலே தூக்கணும்னு ஓட்டை போட்ட அட்டைகள்தான் சொல்லும். இப்போ நிறைய தறிகள்ல அந்த அட்டைக்குப் பதிலா எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துடுச்சு. தறி அதேதான். நாடா போடுறதும் நெசவாளி கைதான். எதை எப்போ தூக்கணும்னு முடிவு பண்ற பாகம் மட்டும் மாறியிருக்கு.

இங்கேயும் அதேதான். ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் எல்லாம் பழசு. சுவிட்ச் மட்டும் மாறுது. பாயின்ட் இருந்த இடத்துல ஒரு குட்டி காந்த பிக்கப். தண்டுல நாலு பல் வச்ச ஒரு இரும்புச் சக்கரம். பல் கடந்து போகும்போது பிக்கப்ல ஒரு சின்ன சிக்னல் வரும். அந்த சிக்னலைப் பார்த்து ஒரு மாட்யூல், அதாவது உள்ள இருக்கிற டிரான்சிஸ்டர், காயில் மின்சாரத்தை வெட்டும். உரசல் இல்லை, கருகல் இல்லை. ஒருதடவை செட் பண்ணின டைமிங் அப்படியே நிக்கும்.

இன்னொரு பாதி வழியும் உண்டு. பாயின்ட்டை வச்சுக்கிட்டே, அதுல சிக்னலுக்கான துளி மின்சாரத்தை மட்டும் ஓடவிட்டு, பெரிய மின்சாரத்தை டிரான்சிஸ்டர் மேல போடுறது. முகம் கருகாது. ஆனா ஃபைபர் கட்டை தேயறது நிக்காது. முதல் தடவை முயற்சி பண்றவங்களுக்கு இது நல்ல தொடக்கம்னு சொல்வேன். டிஸ்ட்ரிபியூட்டரை வெட்ட வேண்டியதே இல்லை.

பார்ட்ஸ் எங்க கிடைக்கும்?

உலகம் முழுக்க இந்த வேலைக்கு ஃபேமஸ் ஆனது ஜெனரல் மோட்டார்ஸ் 1970-களின் நடுவில் கொண்டுவந்த எச்.இ.ஐ. மாட்யூல். நாலே நாலு முனை: ரெண்டு பிக்கப்புக்கு, ஒண்ணு பேட்டரிக்கு, ஒண்ணு காயிலுக்கு. உடைச்ச வண்டில இருந்து கழட்டி, வேற எந்த பழைய காருக்கும் போட்டுடலாம்.

நம்ம ஊர்ல காயலான் கடைதான் கதி. காஞ்சிபுரத்துல கிடைக்கலைன்னா சென்னை புதுப்பேட்டை. 1990-கள்ல வந்த கார்ப்பரேட்டர் கார்கள்ல எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த மாடல்களைத் தேடணும். ஒரு எச்சரிக்கை: மாருதி 800 மூணு சிலிண்டர். அந்த மாதிரி வண்டியோட மாட்யூலை மட்டும் எடுத்தா பிரச்சினை இல்லை, மாட்யூல் எண்ணிக்கை பார்க்கிறதில்லை. ஆனா பல்சக்கரம் மூணு பல்லோட வரும், அம்பாசடருக்கு ஆகாது. நாலு சிலிண்டர் வண்டில இருந்து எடுங்க, இல்லைன்னா லேத்ல செய்யச் சொல்லுங்க. நாங்க லேத்துக்குத்தான் போனோம்.

கடையில பேரம் பேசுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. பிக்கப் காயில் அறுந்திருக்கான்னு அங்கேயே பார்த்துடலாம். மாட்யூலை அப்படிச் சுலபமா சோதிக்க முடியாது. அதனால ரெண்டா வாங்கிடுங்க. பில் கேளுங்க, இது முக்கியம். திருட்டு வண்டி பார்ட்ஸ் உங்க கைக்கு வந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

எங்க தப்பு நடக்கும்?

மாட்யூல் வாங்குறது பெரிய விஷயமே இல்லை. மாட்டுறதுலதான் நாலஞ்சு கண்ணிவெடி இருக்கு.

முதல்ல காயில். பாயின்ட் வண்டியோட காயிலுக்கு முதன்மைச் சுற்று மின்தடை சுமார் 3 ஓம். 12-ஐ 3-ஆல வகுத்தா 4 ஆம்ப், மாட்யூல் தாங்கும். அதுவே 1.5 ஓம் காயில் போட்டா 8 ஆம்ப். மின்சாரத்தைத் தானே கட்டுப்படுத்தாத மாட்யூலா இருந்தா புகை வரும். அப்படிப்பட்ட காயிலுக்கு பாலஸ்ட் ரெசிஸ்டர் வேணும். எச்.இ.ஐ. மாதிரி சில மாட்யூல்கள் உள்ளேயே கட்டுப்பாடு வச்சிருக்கும். எது உங்க கையில இருக்குன்னு தெரியலைன்னா, 3 ஓம் காயிலை விட்டு நகராதீங்க.

ரெண்டாவது, எர்த். பழைய பிரிட்டிஷ் வம்சத்து கார்கள்ல பாசிட்டிவ் எர்த் இருக்கும். அதாவது பேட்டரியோட பிளஸ் முனை பாடிக்குப் போகும். அதுல சாதாரண மாட்யூலை மாட்டின அந்த நொடியே அது காலி. பேட்டரி ஒயரை ஒரு தடவை கண்ணால பாருங்க. எங்களுக்கு நெகட்டிவ் எர்த், தப்பிச்சோம்.

அடுத்து சூடு. அக்னி நட்சத்திரத்துல பானெட்டுக்குள்ள என்ன வெப்பம் இருக்கும்னு சொல்ல வேண்டாம். மாட்யூலை கனமான அலுமினியத் தகடு மேல, நடுவுல தெர்மல் பேஸ்ட் தடவி, எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம் பொருத்துங்க. பேஸ்ட்தானேன்னு விட்டுட்டா, ஊருக்குள்ள நல்லா ஓடி, வெள்ளைகேட் தாண்டி ஹைவே ஏறினதும் நிக்கும். எச்.இ.ஐ. வகைக்கு எர்த்தே அடித்தகடு வழியாத்தான் போகுது. பெயின்ட் மேல மாட்டினா பொறி வராது.

நாலாவது விஷயத்துல நாங்க ரெண்டு ஞாயிற்றுக்கிழமை தோத்தோம். பிக்கப் சிக்னல் கொடுக்கிற அந்தக் கணத்துல ரோட்டர் மூடியோட முனைக்கு நேரா இருக்கணும். ரெண்டு முனைக்கு நடுவுல இருந்தா பொறி தப்பான சிலிண்டருக்குத் தாவும். 'டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் வச்சா சரியாயிடும்'னு நினைச்சோம். ஆகாது. ஏன்னா டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினா பிக்கப்பும் மூடியும் சேர்ந்தே திரும்பும். ரோட்டருக்கும் மூடிக்கும் உள்ள கணக்கு அப்படியேதான் இருக்கும். கடைசியில லேத்துல செஞ்ச சக்கரத்தைக் கழட்டி, பழைய பாயின்ட் எந்த இடத்துல திறந்ததோ அதே இடத்துல பல் பிக்கப்பைக் கடக்கிற மாதிரி கோடு போட்டு மாட்டினோம். இந்தக் கோட்டை பாயின்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடியே போட்டிருந்தா ரெண்டு ஞாயிறு மிச்சம்.

பிக்கப்போட ரெண்டு ஒயரை மாத்தி மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனா வேகம் ஏற ஏற டைமிங் அலையும். டைமிங் லைட்டோட அடையாளம் ஒரே இடத்துல நிக்கலைன்னா முதல்ல அந்த ஒயரை மாத்திப் பாருங்க.

தண்டோட புஷ் தேய்ஞ்சு ஆடுதான்னும் கையால ஆட்டிப் பார்த்துடுங்க. ஆடினா பல் பிக்கப்புல இடிக்கும்.

மைலேஜ் கூடுமா?

நேர்மையாச் சொன்னா, சரியா செட் பண்ணின புது பாயின்ட்டோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசம் இருக்காது. தேய்ஞ்ச பாயின்ட்டோட ஒப்பிட்டா இருக்கும். லாபம் வேற இடத்துல: காலையில முதல் செல்ஃப்லயே ஸ்டார்ட், ஐடில்ல உதறல் இல்லை, சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை கேப் பார்க்கிற வேலை இல்லை. 'பவர் ரெண்டு மடங்கு'ன்னு யாராவது கிட் வித்தா சிரிச்சுட்டு வந்துடுங்க.

ஆர்.டி.ஓ. என்ன சொல்லும்?

15 வருஷம் தாண்டின சொந்தக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். அந்தக் கட்டணம் 2022-ல 600 ரூபாய்ல இருந்து 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 10,000 ஆச்சு. பழைய வண்டி வச்சிருக்கிறது ஏற்கெனவே செலவுதான்.

50 வருஷம் முடிஞ்சா வேற கதை. மத்திய அரசு 2021 ஜூலைல கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜா பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், நம்பர்ல 'வி.ஏ.' எழுத்து வரும். ஆனா வண்டி அசல் வடிவத்துல இருக்கணும். சேஸி, பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரி நிகழ்ச்சிகளுக்குத்தான்.

பெரியப்பாவோட வண்டிக்கு 2028-ல 50 ஆகுது. அதனால நாங்க ஒரு ஓட்டை கூட புதுசா போடலை. அசல் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே கழட்டி எடுத்து வச்சுட்டு, காயலான் கடையில அதே மாடல் இன்னொண்ணு வாங்கி அதுலதான் எல்லா வேலையும் பண்ணினோம். அலுமினியத் தகடும் ஏற்கெனவே இருந்த போல்ட்டுலயே உட்கார்ந்திருக்கு. நீங்களும் இப்படிப் பண்ணுங்கன்னுதான் சொல்வேன், வண்டிக்கு 50 ஆக இன்னும் 20 வருஷம் இருந்தாலும்.

பெரியப்பா ஒத்துக்கிட்டாரா?

அரை மனசாத்தான். அவர் தரப்புல ஒரு நியாயம் இருக்கு. பாயின்ட் கெட்டுப்போறதுக்கு முன்னாடி மிஸ்ஸிங் அடிச்சு, இழுவை குறைஞ்சு, பத்து நாள் நோட்டீஸ் கொடுக்கும். மாட்யூல் போனா ஒரே நொடி. ரோட்டோரமா உட்கார்ந்து உப்புத்தாள்ல தேய்க்கவும் முடியாது.

அதனால டிக்கில ஒரு மஞ்சப்பை இருக்கு. அதுல பாயின்ட் செட் பண்ணி ரெடியா இருக்கிற பழைய டிஸ்ட்ரிபியூட்டர், ஒரு புது கண்டென்சர், ரெண்டு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர். மாட்யூல் போனா மொத்தமா மாத்த எனக்கு 25 நிமிஷம் ஆச்சு, பெரியப்பாவுக்கு 15. ஒயர் எது எங்கேன்னு ஒரு அட்டையில வரைஞ்சு மூடிக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கோம். அந்த அட்டையும் ஒரு கல்யாணப் பத்திரிகைதான்.