வேய்ந்த பொன்னும் பூசிய பொன்னும்

யாழ்ப்பாணத்தில் வேய்தல் என்றால் பனையோலையும் கிடுகுமே நினைவுக்கு வரும். மாரிக்கு முன் கூரையைப் புதுக்கிக்கொள்ளும் குடியானவன் சொல் அது. கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தக சோழன் சிதம்பரத்து அம்பலத்தைப் பொன்னால் மூடிய திருப்பணியைக் குறிக்கவும் நம் முன்னோர் அச்சொல்லையே எடுத்துப் பொன் வேய்ந்தான் என்றனர். ஓலை மழையைத் தடுக்க வேய்வது, பொன் பக்தியினால் வேய்வது. இரண்டிலும் வஞ்சகமென்னும் நினைவுக்கு இடமில்லை.

முலாம் என்பதோ பிற்காலத்தில் வந்து சேர்ந்த சொல். பிரகாசித்தலைக் குறிக்கும் அரபு வேரிற் பிறந்து, பாரசீகத்தில் இரு பாஷைகளை மாறி மாறித் தொடுத்த செய்யுளுக்கும் பெயராகி, இந்துஸ்தானியில் உலோகப் பூச்சையும் பொய்த் தோற்றத்தையும் ஒருங்கே உணர்த்தி, தமிழிலும் அவ்விரு பொருளோடே நிலைத்துவிட்டது. முலாம்பழம் என்னும் கனிக்கும் இதற்கும் பொருளால் யாதொரு சம்பந்தமுமில்லை.

பழைய முறையில், பொன்னைப் பாதரசத்திற் கரைத்துக் களிம்பாக்கி, செம்பின்மீதோ வெள்ளியின்மீதோ தடவி நெருப்பிற் காட்டினால், பாதரசம் ஆவியாகிப் போக, பொன் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த நச்சாவியைச் சுவாசித்த தொழிலாளர் பலர் நோயுற்றனர். 1840ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எல்கிங்டன் குடும்பத்தார் மின்சாரத்தால் முலாம் பூசுவதற்கு உரிமை பெற்றபின், அப்பழைய முறை மெல்ல அருகியது. மின்முலாம் மிக மெல்லியதாகவும் அமையுமாதலால், கொஞ்சப் பொன்னே நிறைய நகைகளை மினுக்கப் போதுமானதாயிற்று. கவரிங் நகை மலிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

யாழ் நகரத்துக் கஸ்தூரியார் வீதியிலும் கன்னாதிட்டியிலும் நகைத் தொழில் பிரசித்தம். பொன்னின் மாற்றறியத் தட்டார் கையாளும் உரைகல்லிலே, மெல்லிய முலாம் விரைவில் தேய்ந்து, உள்ளிருக்கும் செம்போ பித்தளையோ தன் கோட்டை இழுத்துவிடும். தாம் ஏமாந்ததை அந்தக் கோட்டால் அறிந்தவர்களின் மனக்கசப்பே முலாம் என்னும் சொல்லின்மீது களங்கமாகப் படிந்தது போலும்.

ஆயினும் பூச்சைப் பழிப்பது நியாயமன்று. கோபுரக் கலசம் செம்பென்று அறிந்தே கைகூப்புகிறோம். துருவேறாத குணத்துக்காகவே கைத்தொலைபேசியின் உள்ளே, ஒருவர் கண்ணிலும் படாத மின்தொடுப்புகளுக்கும் பொன் பூசுகிறார்கள். பூசியதைப் பூசியதென்று சொல்லி விற்கும் வியாபாரி குற்றவாளியல்லன். அதற்குப் பசும்பொன்னின் விலையைச் சொல்லும்போதுதான் பொய் பிறக்கிறது.