பழைய ரிவி கேம்: மூலக் கருவியா, பிரதிக் கருவியா?

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடப்பட்ட 'ரிவி கேம்' கருவிகளை மீண்டும் தேடி வாங்கும் ஆர்வம் அண்மைக்காலமாக உலகெங்கும் பெருகியிருக்கின்றது. 1990களில் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டனர். தாம் விளையாடியதைத் தம் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்ற அவர்களது ஆசை இயல்பானதே. ஆனால் வாங்கப் புறப்படும்போது ஒரு கேள்வி குறுக்கே நிற்கின்றது. அதிக விலை கொடுத்து ஜப்பானில் தயாரிக்கப்பட்ட மூலக் கருவியை வாங்குவதா? அல்லது அதைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான பிரதிக் கருவி போதுமா? பொருளாதார நெருக்கடியின் சுமை இன்னும் முற்றாக இறங்காத நம் குடும்பங்களைப் பொறுத்தவரை இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. ஒரு மாத வரவு செலவையே பாதிக்கக்கூடிய கேள்வியாகும்.

முதலில் மூலக் கருவி எதுவென்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் திகதி 'ஃபமிகொம்' என்ற கருவியை வெளியிட்டது. 1985இல் அது உருமாற்றம் பெற்று அமெரிக்கச் சந்தைக்குச் சென்றது. இவ்விரு வடிவங்களும் சேர்ந்து உலகெங்கும் ஆறு கோடிக்கும் அதிகமாக விற்பனையாகின. எனினும் ஆசியாவினதும் கிழக்கு ஐரோப்பாவினதும் பெரும்பகுதிகளில் மக்கள் கண்டது இவற்றையன்று. தாய்வானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட பிரதிகளையே கண்டனர். ரஷ்யாவில் 1992 முதல் 'டெண்டி' என்ற பெயரில் விற்கப்பட்டதும் அத்தகைய பிரதியொன்றேயாகும்.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் தேயிலையும் ஏலமும் மிளகும் விளையும் இரத்தோட்டைக்கு ரிவி கேம் வந்து சேர்ந்த வழியும் வேறானதன்று. புறக்கோட்டைக் கடைகளிலிருந்து மாத்தளை வழியாகவோ, மத்திய கிழக்கில் உழைத்துவிட்டுத் திரும்பியவர்களின் பெட்டிகளிலோதான் இத்தகைய பொருட்கள் நமது மலையகத்துச் சிற்றூர்களை வந்தடைந்தன. மின்சாரம் எட்டாத வீடுகள் பல கார் பற்றரியில் தொலைக்காட்சி பார்த்த காலம் அது. அந்நாளில் 'மூலக் கருவி' என்ற சொல்லே நம் சிறுவர்களுக்குத் தெரியாது. ஒரு வீட்டில் ரிவி கேம் இருந்தால் அந்த லயத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் அதுவே ரிவி கேம்.

இன்று இரத்தோட்டையிலுள்ள ஒருவர் இணையத்தின் மூலம் ஜப்பானிய ஃபமிகொம் ஒன்றைத் தருவிக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆபத்து சுவரிலுள்ள மின்துளையிலேயே காத்திருக்கின்றது. ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். நம்முடையது 230 வோல்ற். கூடவே வரும் அடப்டரை அப்படியே செருகினால் அது எரிந்துபோகும். உள்ளூர் அடப்டரைப் பயன்படுத்துவதாயின் அது 10 வோல்ற் அளவிலான நேரோட்டத்தைத் தர வேண்டும். முனையின் நடுப்பகுதி எதிர்முனைவாக இருக்கவும் வேண்டும். அமெரிக்க வடிவத்தின் அடப்டரோ ஆடலோட்டம் தருவது. அதனை ஃபமிகொமில் பொருத்தினால் கருவியே பழுதாகிவிடும்.

மின்சாரத் தடையைக் கடந்தாலும் படம் தோன்றும் என்ற உறுதியில்லை. ஆரம்பகால ஃபமிகொமில் அன்ரெனா வழியாகச் செல்லும் வெளியீடு மட்டுமே உண்டு. அதுவும் ஜப்பானிய அலைவரிசைக்கும், நொடிக்கு 60 படங்கள் கொண்ட என்.ரி.எஸ்.சி. முறைக்கும் உரியது. இலங்கையின் தொலைக்காட்சியோ நொடிக்கு 50 படங்கள் கொண்ட 'பால்' முறையைப் பின்பற்றி வந்தது. படமும் ஒலியும் தனித்தனிக் கம்பிகளில் செல்லும் ஏ.வி. வசதியுள்ள ஃபமிகொம் 1993இல்தான் வெளிவந்தது. ஆகவே மூலக் கருவிதான் வேண்டும் என்போர் அந்தப் பிந்திய வடிவத்தைத் தேடுவதே உசிதம்.

பிரதிக் கருவிகளைச் செய்தோர் வெறுமனே பார்த்து எழுதியவர்கள் அல்லர் என்பதும் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. நிண்டெண்டோ தனது கருவியை 'பால்' நாடுகளுக்கென மாற்றியமைத்தபோது அதன் நுண்செயலியின் வேகம் 1.79 மெகாஹேர்ட்ஸிலிருந்து 1.66 மெகாஹேர்ட்ஸாகக் குறைந்தது. இதனால் ஜப்பானிய ஆட்டங்கள் சில அதில் சீராக ஓடவில்லை. தாய்வானின் யூ.எம்.சி. நிறுவனத்தின் சிப்களோ அவ்வேகத்தை 1.77 மெகாஹேர்ட்ஸில் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் இடையிலான காத்திருப்பு நேரத்தையும் சாதுரியமாக நீட்டின. நம்மைப் போன்ற நாடுகளின் தொலைக்காட்சிகளில் ஜப்பானிய ஆட்டங்கள் ஒழுங்காக ஓட அதுவே வழிசெய்தது. அந்த வகையில், மூலம் தீர்க்காத சிக்கலொன்றைப் பிரதி தீர்த்தது எனலாம்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. நொடிக்கு 60 படங்களுக்கென எழுதப்பட்ட ஆட்டம் 50 படங்களில் ஓடும்போது ஆறில் ஒரு பங்கு மெதுவாகின்றது. பிரதிகள் சிலவற்றில் ஒலியலைகளின் வடிவம் இடம்மாறியிருந்தமையால் இசையின் குரலும் வேறுபட்டது. அத்தகைய கருவிகளில் 'சுப்பர் மரியோ' விளையாடி வளர்ந்தவர், இன்று மூலக் கருவியை இயக்கினால் மரியோ அவசரமாக ஓடுவது போலவும் இசை அந்நியமானது போலவும் உணர்வார். பெரும் விலை கொடுத்து வாங்கிய 'உண்மை' அவரது நினைவுக்குப் பொய்யாகத் தோன்றும். வாங்குமுன் சிந்திக்க வேண்டிய விடயம் இது.

இதனால் இன்று கடைகளில் கிடைக்கும் பிரதிகள் யாவும் சிறந்தவை என்று நாம் கூறவரவில்லை. பழைய பிரதிகளில் நுண்செயலி, படச்சிப், நினைவகம் என்பன தனித்தனியே இருந்தன. ஒன்று பழுதானால் அதை மாற்ற முடிந்தது. பிற்காலத்தவற்றில் அனைத்தும் கரிய பசைப் பொட்டொன்றின் கீழ் ஒரே சிப்பாக அடங்கிவிட்டன. அது பழுதானால் கருவி குப்பைக்கே. சிக்கலான ஆட்டங்கள் சில அவற்றில் இயங்குவதுமில்லை. இலட்சக்கணக்கான ஆட்டங்கள் உள்ளதாக மேலட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். திறந்து பார்த்தால் சில பத்து ஆட்டங்களே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும்.

மூலக் கருவிக்கும் முதுமை உண்டு. நிண்டெண்டோ 2003இல் ஃபமிகொம் உற்பத்தியை நிறுத்தி, 2007இல் திருத்தும் சேவையையும் முடித்துக்கொண்டது. திருத்துநர்கள் 'கண்டென்சர்' என அழைக்கும் கொள்ளளவிகள் காலப்போக்கில் வலுவிழக்கின்றன. ஆட்ட நிலையைச் சேமிக்கும் கசட்டுகளினுள் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்தால் சேமிப்பும் அழியும். மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் நமது மலைச்சாரலில் கசட்டின் செப்புத் தொடுமுனைகள் விரைவில் மங்கும். அன்று நாமெல்லோரும் செய்ததுபோல் வாயால் ஊதுவது ஈரத்தையே சேர்க்கும். ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் தோய்த்த பஞ்சினால் மெல்லத் துடைப்பதே சரியான முறை.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழியொன்றும் உண்டு. நிண்டெண்டோவே 2016இல் முப்பது ஆட்டங்களுடன் ஒரு சிறு கருவியை வெளியிட்டது. அதனுள் பழைய சிப்கள் இல்லை. மென்பொருளே பழைய கருவியைப் போல நடிக்கின்றது. உள்ளமைப்பை மாற்றி எழுதக்கூடிய சிப்பைக்கொண்டு பழைய சுற்றை அப்படியே மீளமைக்கும் 'மிஸ்டர்' என்ற திட்டமும் 2017 முதல் வளர்ந்து வருகின்றது. தரத்தில் அது உயர்ந்தது; விலையிலும் அவ்வாறே.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. பழைய கருவியின் அடிப்படை ஆக்கவுரிமைகள் காலாவதியாகிவிட்டன. ஆட்டங்களின் பதிப்புரிமையோ இன்னும் உயிருடன் இருக்கின்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கின்றது.

அப்படியாயின் எதைத் தெரிவு செய்வது? பிள்ளைகளுடன் விடுமுறை நாளில் விளையாடி மகிழ்வதே நோக்கமாயின் மலிவான பிரதியே போதுமானது. அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. ஆட்டத்தை அதன் ஆக்கியோர் எண்ணிய வேகத்திலும் ஒலியிலும் காண விரும்புவோரும், தாமே திருத்தும் ஆற்றல் உள்ளோரும் மூலக் கருவியை நாடலாம். அவர்களும் கசட்டின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மிடையே புழங்கிய கசட்டுகள் பெரும்பாலும் 60 முனைகள் கொண்டவை. அவை ஃபமிகொமுக்குப் பொருந்தும். அமெரிக்க வடிவமோ 72 முனைகள் கொண்டது. துப்பாக்கியால் சுடும் ஆட்டங்களை விரும்புவோர் எக்கருவியை வாங்கினாலும் பின்புறம் புடைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியையும் வைத்திருக்க வேண்டும். தட்டைத் திரையில் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாது.

எனினும் கடைக்குச் செல்வதற்கு முன்னர் வீட்டுப் பரணையும் அலுமாரியின் அடித்தட்டையும் ஒருமுறை பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். அங்கே தூசி படிந்து கிடக்கும் பழைய பிரதிக் கருவி, தனிச் சிப்களைக் கொண்டதாயின், ஒரு கொள்ளளவியையோ அறுந்த கம்பியையோ மாற்றுவதனால் மீண்டும் உயிர்பெறக்கூடும். ஊரிலுள்ள வானொலி திருத்துநருக்கும் அது ஒரு நாள் வேலையைக் கொடுக்கும். ஜப்பானியருக்கு ஃபமிகொம் எப்படியோ, இரத்தோட்டையின் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரற்ற பெட்டி அப்படியே. உலகின் கண்ணுக்கு அது நகலாக இருக்கலாம். நமது வரலாற்றில் அதுவே மூலம். அதைக் குப்பையில் எறிந்துவிட்டு, நாம் ஒருபோதும் தொட்டறியாத வேறொன்றைப் பெரும் விலைக்கு வாங்கி 'அசல்' என்று கொண்டாடுவது பொருத்தமன்று என்பதே எமது கருத்தாகும்.